கேலண்டரிலிருந்து டைம்ஜிஎம் கிடைக்கவில்லை என்கிறது பைத்தான்: தேதி படிக்கும் நிரல்கள் இரண்டும் ஒரே நாளில் நின்றுவிட்டன

வட்டிக்கணக்கு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். நிரலாக்கம் என் தொழில் அன்று. நகைக்கடன் பேரேட்டில் அடகு வைத்த நாளுக்கும் மீட்ட நாளுக்கும் இடையே எத்தனை நாள்கள் என்று ஒவ்வொரு வரியாக விரல்விட்டு எண்ணிச் சலித்துப்போய், அந்த வேலையைச் செய்ய ஒரு சிறு நிரலைப் பைத்தானில் எழுதிக்கொண்டேன். அது இரண்டு மாதங்களாக அலுவலகக் கணினியில் ஒழுங்காக ஓடியது. அன்றன்றைய தங்க விலையை ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தின் உதவியால் இணையத்திலிருந்து எடுத்துவரும் இன்னொரு நிரலும் அதே கோப்புறையில் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை முதல் இரண்டும் ஓடவில்லை. தங்க விலை நிரல் முதல் வரியான "இம்போர்ட் ரிக்வெஸ்ட்ஸ்" என்பதிலேயே நின்று, "இம்போர்ட் எரர்: கேலண்டரிலிருந்து டைம்ஜிஎம் என்ற பெயரை இறக்க இயலவில்லை" என்கிறது. வட்டி நிரலில் டேட்டைமை இறக்கும் வரி எந்தத் தடையும் இன்றிக் கடந்துபோகிறது. தேதியைப் படிக்கும் வரிக்கு வந்ததும் "ஆட்ரிபியூட் எரர்", அதாவது கேட்ட பண்பு இல்லை என்ற பிழை, வருகிறது. நான் கேலண்டர் என்ற மாட்யூலை (நிரல்கள் இறக்கிப் பயன்படுத்தும் துணைக்கோப்பை) இரண்டு நிரல்களிலும் எந்த இடத்திலும் கேட்கவே இல்லை.

பொதிகளை நிறுவும் கருவியான பிப்பிடம் "பிப் இன்ஸ்டால் டேட்டைம்" என்று கொடுத்துப் பார்த்தேன். ஏதோ இறங்கியது, ஆனால் பயன் இல்லை. பைத்தானையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவலாமா என்று யோசிக்கிறேன். அலுவலகத்தில் உபுண்டு 22.04, வீட்டில் விண்டோஸ். வீட்டில் இரண்டும் இன்றும் நன்றாகவே ஓடுகின்றன. (இங்குள்ள வழக்கப்படி நிரல் வரிகளையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்.)

குறிஞ்சி

முதலில் ஒரு வேண்டுகோள்: உபுண்டுவில் அமைப்போடு வந்த பைத்தானை எக்காரணம் கொண்டும் நீக்காதீர்கள். அந்த அமைப்பின் உள்வேலைகள் பலவும் அதே பைத்தானைத்தான் நம்பியிருக்கின்றன. நீக்கச் சொன்னால் அதோடு சேர்த்து எதை எதையெல்லாம் கழற்றும் என்று ஒரு நீண்ட பட்டியல் திரையில் ஓடும், அதைப் படிக்காமல் "ஆம்" என்று அழுத்தியவர்கள் மறுநாள் கணினியையே புதிதாக நிறுவ வேண்டியிருக்கும்.

அடுத்து, நீங்கள் பிப் வழியாக இறக்கியது நீங்கள் நினைத்த டேட்டைம் அன்று. டேட்டைம் பைத்தானோடு சேர்ந்தே வரும் உள்நூலகத்திலேயே இருப்பதால் அதை யாரும் நிறுவ வேண்டியதே இல்லை. பிப்பிடம் அந்தப் பெயரைக் கேட்டால் ஸோப் என்ற மென்பொருள் திட்டத்தைச் சேர்ந்த, பெயர் மட்டும் ஒத்த வேறொரு பொதி வந்து இறங்கும். அது இடத்தை அடைத்துக்கொண்டிருக்குமே தவிர உங்கள் நிரலைத் தொடாது, அதை நீக்கிவிடலாம்.

இனி, பிழைச்செய்தியின் கடைசி வரியை மட்டும் எழுதாமல், ட்ரேஸ்பேக் (பிழை எந்தெந்த வரிகள் வழியாக வந்தது என்ற பட்டியல்) முழுவதையும் முதல் வரியிலிருந்து அப்படியே தாருங்கள். கடைசி வரியின் அடைப்புக்குறிக்குள் ஒரு கோப்பின் பாதை இருந்திருக்குமே, அதையும் விடாமல் எழுதுங்கள்.

கட்டுமரம்

எனக்கும் இப்படி நடந்தது. பயிற்சிக்காக எழுதிய கோப்புக்கு "டேட்டைம்.பை" என்றே பெயர் வைத்திருந்தேன். அதற்குள் "ஃப்ரம் டேட்டைம் இம்போர்ட் டேட்டைம்" என்று எழுதினால், பைத்தான் என் கோப்பையே திரும்பவும் திறந்து, பாதி மட்டும் படித்த நிலையில் அதற்குள் டேட்டைம் என்ற பெயரைத் தேடி, "பாதி தொடங்கிய மாட்யூல், சுழல் இறக்கமாக இருக்கக்கூடும்" என்று புலம்பியது. உங்கள் கோப்பின் பெயரைப் பாருங்கள். பெயரை மாற்றிவிட்டு "__பைகேஷ்__" கோப்புறையையும் மறக்காமல் அழியுங்கள். இல்லாவிட்டால் பழைய பேய் உள்ளேயே இருக்கும்.

ஓலைச்சுவடி

பெயர் மாற்றச் சொன்னது சரி, பேய் ஓட்டச் சொன்னது தேவையற்றது. பைத்தான் 2 இருந்த காலத்தில், மூலக்கோப்பின் பக்கத்திலேயே அதன் தொகுத்த வடிவமும் கிடக்கும். மூலத்தை அழித்த பிறகும் அந்தத் தொகுத்த வடிவம் இறக்கப்பட்டுவிடும். அந்தக் காலத்து அறிவுரை இன்றும் கைமாறிக்கொண்டே வருகிறது. பைத்தான் 3-இல் தொகுத்த கோப்புகள் தனிக் கோப்புறைக்குள் போய்விட்டன, மூலக்கோப்பு இல்லையென்றால் அங்கிருப்பதைப் பைத்தான் எடுத்துக்கொள்ளாது. அழிப்பதால் கெடுதல் இல்லை, அவ்வளவுதான்.

வட்டிக்கணக்கு ஐயா, டேட்டைமைப் பொறுத்தவரை இன்னொரு பொதுவான குழப்பத்தையும் சரிபார்த்துவிடுங்கள். டேட்டைம் என்பது மாட்யூலின் பெயர். அதற்குள் இருக்கும் வகுப்பின் பெயரும் டேட்டைம். தெருவின் பெயரையே அந்தத் தெருவில் உள்ள ஒரு வீட்டுக்கும் வைத்ததுபோல. "இம்போர்ட் டேட்டைம்" என்று எழுதினால் உங்கள் கையில் இருப்பது தெரு, "டேட்டைம்.நௌ" என்று கேட்டால் "இந்த மாட்யூலில் நௌ இல்லை" என்ற பதில் வரும், "டேட்டைம்.டேட்டைம்.நௌ" என்றே கேட்க வேண்டும். "ஃப்ரம் டேட்டைம் இம்போர்ட் டேட்டைம்" என்று எழுதினால் கையில் இருப்பது வீடு, அப்போது "டேட்டைம்.டைம்டெல்டா" என்று கேட்டால் வீட்டுக்குள் தெருவைத் தேடுவதாகிவிடும். இணையத்தில் ஒரு பக்கத்திலிருந்து முதல் வரியையும் வேறொரு பக்கத்திலிருந்து மூன்றாவது வரியையும் எடுத்து ஒட்டுவதால்தான் இந்தப் பிழைகளில் பெரும்பகுதி நேர்கின்றன என்பது என் அனுபவம். நான் எப்போதும் "இம்போர்ட் டேட்டைம் ஆஸ் டிடி" என்று எழுதுகிறேன், "டிடி.டேட்டைம்", "டிடி.டைம்டெல்டா" என்று படிக்கும்போது எது எங்கிருந்து வந்தது என்பதில் ஐயமே எழாது.

வட்டிக்கணக்கு

அனைவருக்கும் நன்றி. என் கோப்பின் பெயர் "வட்டி.பை" என்பதால் அந்தக் குற்றம் என்மேல் இல்லை. ஓலைச்சுவடி ஐயா சொன்ன தெரு, வீடு குழப்பமும் இல்லை, நான் "ஃப்ரம் டேட்டைம் இம்போர்ட் டேட்டைம்" என்று எழுதி, "டேட்டைம்.எஸ்டிஆர்பிடைம்" என்றுதான் அழைக்கிறேன்.

குறிஞ்சி அம்மா கேட்டபடி ட்ரேஸ்பேக்கை முழுவதும் படித்தேன். வட்டி நிரலில் முதலில் வருவது என்னுடைய 14ஆம் வரி. அதற்கு அடுத்து, நான் கேள்விப்பட்டே இராத, அடிக்கோட்டில் தொடங்கும் "_எஸ்டிஆர்பிடைம்.பை" என்ற கோப்பு வருகிறது, அது உபுண்டுவின் பைத்தான் 3.10 கோப்புறைக்குள் இருக்கிறது. அதற்குள் நான்கு படி இறங்கி, வாரநாள்களைக் கணக்கிடும் ஓர் இடத்தில், "கேலண்டர் மாட்யூலில் டே_ஆப்ர் என்ற பண்பு இல்லை" என்று முடிகிறது.

தங்க விலை நிரலின் கடைசி வரியில், நீங்கள் சொன்னதுபோலவே அடைப்புக்குறிக்குள் ஒரு பாதை இருந்தது. அதை நான் முக்கியமில்லை என்று நினைத்து விட்டுவிட்டேன். அந்தப் பாதை என் கோப்புறையைக் காட்டி, "கேலண்டர்.பை" என்று முடிகிறது. அப்படி ஒரு கோப்பை நான் உருவாக்கவில்லை.

குறிஞ்சி

அதுதான் இரண்டுக்கும் காரணம். உங்கள் கோப்புறையில் யாரோ கேலண்டர் என்ற பெயரில் ஒரு கோப்பை வைத்திருக்கிறார்கள்.

பைத்தானிடம் ஒரு மாட்யூலைக் கேட்டால், அது ஏற்கெனவே இறக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கும்; பிறகு தன் வயிற்றுக்குள்ளேயே கட்டப்பட்ட மாட்யூல்களில் தேடும்; அதன்பின் "சிஸ்.பாத்" என்ற பட்டியலில் உள்ள இடங்களை வரிசையாகப் பார்க்கும். அந்தப் பட்டியலில் முதல் இடம் நீங்கள் ஓட்டும் நிரல் இருக்கும் கோப்புறைக்கு. உள்நூலகத்தின் இடமும் பிப் நிறுவியவற்றின் இடமும் அதற்குப் பின்னால்தான். ஆகவே உங்கள் கோப்புறையில் கேலண்டர்.பை இருந்தால், அந்தக் கோப்புறையிலிருந்து ஓடும் எந்த நிரலும், அது எந்த ஆழத்திலிருந்து கேட்டாலும், உள்நூலகத்தின் கேலண்டரைப் பார்க்காமல் இந்தக் கோப்பையே எடுத்துக்கொள்ளும்.

நீங்கள் கேலண்டரைக் கேட்கவில்லை என்பது உண்மை. உங்களுக்காக வேறு ஒருவர் கேட்கிறார். எஸ்டிஆர்பிடைம் என்ற செயல், "15-ஆகஸ்ட்" என்பதுபோல் எழுத்தில் உள்ள தேதியைப் படிக்க வேண்டியிருப்பதால், கிழமை, மாதங்களின் பெயர்களுக்காக உள்நூலகத்தின் கேலண்டரை நாடுகிறது; டே_ஆப்ர் என்பது கிழமைப் பெயர்களின் சுருக்கப் பட்டியல். டேட்டைமை இறக்கும்போது அந்தக் கோப்பு திறக்கப்படுவதில்லை, எஸ்டிஆர்பிடைமை முதன்முறையாக அழைக்கும்போதுதான் திறக்கப்படுகிறது. அதனால்தான் உங்கள் முதல் வரி பிழையின்றிக் கடந்து, 14ஆம் வரியில் போய் விழுந்தது. ரிக்வெஸ்ட்ஸ் நூலகமோ குக்கீகளைக் கையாளும் உள்நூலகக் கோப்பை இறக்குகிறது. அந்தக் கோப்பு, குக்கீகளின் காலாவதி நேரத்தைக் கணிக்க, கேலண்டரிலிருந்து டைம்ஜிஎம் என்ற செயலைத் தொடக்கத்திலேயே கேட்கிறது. அதனால் அது இம்போர்ட் வரியிலேயே நின்றது.

உறுதிப்படுத்திக்கொள்ள அந்தக் கோப்புறையில் ஒரு சிறு நிரல் எழுதி, "இம்போர்ட் கேலண்டர்" என்றும், அடுத்த வரியில் "பிரிண்ட்(கேலண்டர்.__ஃபைல்__)" என்றும் எழுதி ஓட்டிப் பாருங்கள். எங்கிருந்து எடுத்தேன் என்பதைப் பைத்தானே சொல்லும்.

வட்டிக்கணக்கு

பிடிபட்டுவிட்டது. சனிக்கிழமை மாலை, என்னோடு பணிபுரியும் இளைஞர் ஒருவர், வங்கி விடுமுறை நாள்களைப் பட்டியலிட்டு அந்தக் கோப்பை வைத்திருக்கிறார். திறந்து பார்த்தால் பதினெட்டு வரிகள்: பொங்கல், திருவள்ளுவர் நாள், உழவர் திருநாள், குடியரசு நாள் என்று தொடங்கி ஒரு பட்டியல். தவணை நாள் விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ள வேண்டும் என்பதற்காக, எனக்கு உதவியாகத்தான் செய்திருக்கிறார். கோப்பின் பெயரை "விடுமுறை.பை" என்று மாற்றினேன். இரண்டு நிரல்களும் ஓடத் தொடங்கிவிட்டன.

இதே நேரத்தில் இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். வீட்டில் புதிதாக எழுதிக் கொண்டுவந்த அறிக்கைக் கோப்பை அலுவலகத்தில் ஓட்டினால், "டேட்டைமிலிருந்து யூடிசி என்ற பெயரை இறக்க இயலவில்லை" என்கிறது. இம்முறை நானே அடைப்புக்குறிக்குள் பார்த்தேன். பாதை உபுண்டுவின் சொந்த டேட்டைம் கோப்பையே காட்டுகிறது. அப்படியானால் இங்கே யார் குறுக்கே நிற்கிறார்கள்?

ஓலைச்சுவடி

குறுக்கே நிற்பது பதிப்பு. டேட்டைம் மாட்யூலுக்குள் யூடிசி (உலகப் பொது நேரம்) என்ற குறும்பெயர் 2022 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.11-இல்தான் சேர்க்கப்பட்டது, உபுண்டு 22.04-இல் இருப்பது 3.10. உங்கள் வீட்டுக் கணினியில் 3.11 அல்லது அதற்குப் பிந்தையது இருக்க வேண்டும். "ஃப்ரம் டேட்டைம் இம்போர்ட் டைம்ஸோன்" என்று எழுதி, யூடிசி வரும் இடங்களில் "டைம்ஸோன்.யூடிசி" என்று மாற்றினால் இரண்டு கணினிகளிலும் ஓடும், இரண்டும் ஒன்றேதான். "யூடிசிநௌ" என்ற பழைய செயலுக்குத் திரும்பிப் போய்விடாதீர்கள், 3.12 முதல் அதைக் கைவிடப்படவிருப்பது என்று எச்சரிக்கிறார்கள்.

இறுதியில் இசட் எழுத்து உள்ள நேரக் குறிப்பை "ஃப்ரம்ஐஎஸ்ஓஃபார்மட்" கொண்டு படிக்கிறீர்கள் என்றால் அதுவும் 3.11 முதல்தான் இயலும். அடுத்த பிழை அதுவாக இருக்க வாய்ப்புண்டு என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

பனங்கூடல்

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இழையின் இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் மடிக்கணினி விண்டோஸ். "ஃப்ரம் ஸோன்இன்ஃபோ இம்போர்ட் ஸோன்இன்ஃபோ" என்ற வரி ஒழுங்காகப் போகிறது, ஆனால் "ஏசியா/கொலம்போ" என்று கேட்டதும், "டிஇஸட்டேட்டா என்ற மாட்யூல் இல்லை" என்றும், அதன் கீழே "அந்தப் பெயரில் நேர வலயம் கிடைக்கவில்லை" என்றும் இரண்டு பிழைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. அந்த மாட்யூலை நானும் கேட்கவில்லை. குறிஞ்சி அக்கா, என் கோப்புறையையும் தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு கோப்பு இல்லை. யூடிசியோடு ஐந்தரை மணி நேரத்தைக் கையால் கூட்டிவிட்டால் போதாதா?

குறிஞ்சி

தம்பி, உங்களுடையது வேறு வகை. ஸோன்இன்ஃபோ பைத்தான் 3.9-இல் சேர்ந்தது, ஆனால் நேர வலயங்களின் தரவை அது தன்னோடு கொண்டுவருவதில்லை. லினக்ஸ், மேக் கணினிகளில் இயங்குதளமே அந்தத் தரவை வைத்திருக்கும், விண்டோஸில் பைத்தானுக்கு ஏற்ற வடிவில் அது இல்லை. அங்கே தேடிக் கிடைக்காதபோது அது டிஇஸட்டேட்டா என்ற பொதியை நாடுகிறது. அதுவும் இல்லாததால் இரண்டு பிழைகளும் வந்தன. "பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் டிஇஸட்டேட்டா" என்று கொடுங்கள், தீர்ந்துவிடும். வெறும் "பிப்" என்று தொடங்காமல் இப்படி எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு: ஒரே கணினியில் இரண்டு பைத்தான்கள் இருந்தால் பிப் ஒன்றுக்குள் நிறுவும், நிரல் மற்றொன்றில் ஓடும், "நிறுவிவிட்டேன், ஆனாலும் மாட்யூல் இல்லை என்கிறதே" என்ற கேள்வி இங்கே வாரம் ஒருமுறை வரும்.

ஐந்தரை மணி நேரத்தைக் கையால் கூட்டுவது இன்றைய தேதிகளுக்குப் பொருந்தும். ஆனால் இலங்கையில் 1996 மே மாதம் கடிகாரத்தை ஆறரை மணிக்கு முன்தள்ளி, அதே ஆண்டு அக்டோபரில் ஆறு மணியாக்கி, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பினார்கள். அந்தப் பத்தாண்டுப் பதிவு ஒன்றை நீங்கள் எடுத்தால் கையால் கூட்டிய கணக்கு தவறும், "ஏசியா/கொலம்போ" தவறாது.

பனங்கூடல்

நிறுவினேன் அக்கா, வேலை செய்கிறது. அப்பாவின் 2001ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றை வைத்துச் சோதித்தேன். ஆறு மணி நேர வேறுபாடு என்றே காட்டியது. அந்த நாள்களில் எங்கள் பக்கத்தில் சிலர் பழைய நேரத்தையும் சிலர் புதிய நேரத்தையும் சொன்னார்கள் என்று அம்மா சொல்லுவார்; அதைப் பைத்தான் தீர்க்காது என்பது வேறு கதை.

கட்டுமரம்

எனக்கு ஓர் ஐயம். குறிஞ்சி அம்மா சொன்னதை நம்பாமல், என் கோப்புறையில் வேண்டுமென்றே "டைம்.பை" என்று ஒரு வெற்றுக் கோப்பை வைத்து, "இம்போர்ட் டைம்" என்று எழுதி ஓட்டினேன். எதுவும் கெடவில்லை, "டைம்.ஸ்லீப்" வழக்கம்போல் வேலை செய்தது. கேலண்டருக்கு ஒரு நீதி, டைமுக்கு ஒரு நீதியா?

ஓலைச்சுவடி

ஆம், இரண்டு நீதிதான். டைம் மாட்யூல் பைத்தானின் வயிற்றுக்குள்ளேயே கட்டப்பட்டது. கோப்புறைகளைத் தேடத் தொடங்கும் முன்பே அது கிடைத்துவிடுவதால் உங்கள் கோப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெற்றுக் கோப்பாக இல்லாமல் உண்மையிலேயே பயனுள்ள எதையாவது டைம்.பை-யில் எழுதியிருந்தால், அதை உங்களால் இறக்கவே முடிந்திருக்காது. கேலண்டரும் டேட்டைமும் உள்நூலகத்தில் சாதாரணக் கோப்புகளாக இருப்பவை. அவற்றை மறைத்துவிட முடியும். "சிஸ்.பில்ட்இன்_மாட்யூல்_நேம்ஸ்" என்பதை அச்சிட்டால் முதல் வகையின் பட்டியல் கிடைக்கும், 3.10 முதல் "சிஸ்.எஸ்டிடிலிப்_மாட்யூல்_நேம்ஸ்" என்பதில் உள்நூலகப் பெயர்கள் அனைத்தும் கிடைக்கும். கோப்புக்குப் பெயர் வைக்குமுன் இரண்டாவதை ஒருமுறை பார்ப்பது நல்லது.

3.13 பதிப்பு இந்த வகைப் பிழையைத் தானாகவே கண்டுகொள்கிறது. உள்நூலகப் பெயரைத் தாங்கிய கோப்பு உங்கள் கோப்புறையில் இருந்து பிழை நேர்ந்தால், அதன் பாதையைச் சொல்லி, பெயரை மாற்றுவதைக் கருதிப் பாருங்கள் என்று செய்தியிலேயே எழுதிவிடுகிறது. 3.11 முதல் "-பி" என்ற பெரிய எழுத்துத் தேர்வோடு ஓட்டினால் நிரலின் கோப்புறை பட்டியலில் சேர்க்கப்படவே மாட்டாது. ஆனால் அப்போது உங்கள் சொந்தக் கோப்புகளையும் இறக்க முடியாது என்பதால், சோதித்துப் பார்ப்பதற்கு மட்டுமே அது உதவும்.

மருதம்

தேதிகளைக் கையாளும் வெளிநூலகமான டேட்யூட்டில் பற்றியும் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன், தேடி வருபவர்களுக்கு உதவும். இறக்கும்போது பெயர் "டேட்யூட்டில்", நிறுவும்போது பெயர் "பைத்தான்-டேட்யூட்டில்". முதல் பெயரைக் கொண்டு பிப்பிடம் கேட்டுவிட்டு, அப்படி ஒரு பொதியே இல்லை என்கிறதே என்று நான் அரைநாள் அலைந்தேன். பழைய பதிப்புகளில் "இம்போர்ட் டேட்யூட்டில்" என்று மட்டும் எழுதிவிட்டு "டேட்யூட்டில்.பார்ஸர்" என்று கேட்டால் பண்பு இல்லை என்ற பிழை வரும், "ஃப்ரம் டேட்யூட்டில் இம்போர்ட் பார்ஸர்" என்று எழுதினால் எல்லாப் பதிப்பிலும் ஓடும்.

வட்டிக்கணக்கு

டைம்ஸோன்.யூடிசி என்று மாற்றினேன், அறிக்கைக் கோப்பு ஓடுகிறது. ஸோப் பொதியையும் நீக்கிவிட்டேன்.

இன்று காலை அந்த இளைஞர் என் மேசைக்கு வந்து, தம்முடைய தவணை நிரல் நேற்றுவரை ஓடியது, இன்று ஓடவில்லை என்றார். அவர் திரையில் இருந்த செய்தி: "கேலண்டர் மாட்யூலில் விடுமுறைகள் என்ற பண்பு இல்லை." கோப்பின் பெயரை மாற்றியதை அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். அவருடைய நிரல் இன்னமும் "இம்போர்ட் கேலண்டர்" என்றே கேட்கிறது. கோப்புறையில் அது இல்லாததால் பைத்தான் நேரே உள்நூலகத்துக்குப் போய் உண்மையான கேலண்டரை எடுத்துக் கொடுத்திருக்கிறது, அதில் பொங்கல் எப்படி இருக்கும்? மாட்யூல் இல்லை என்று சொல்லியிருந்தால் அவரே கண்டுபிடித்திருப்பார். இருவரும் உட்கார்ந்து "பிரிண்ட்(கேலண்டர்.__ஃபைல்__)" என்று ஓட்டிப் பார்த்து, அவருடைய முதல் வரியை "இம்போர்ட் விடுமுறை" என்று மாற்றினோம். இப்போது மூன்று நிரல்களும் ஓடுகின்றன.

குறிஞ்சி

அந்தக் கோப்பில் "கேலண்டர்.விடுமுறைகள்" என்று வேறு இடங்களிலும் எழுதியிருப்பார், முதல் வரியை மாற்றினால் அவையெல்லாம் பெயர் தெரியவில்லை என்று நிற்கும். ஒருமுறை தேடிப் பாருங்கள்.

வட்டிக்கணக்கு

ஏழு இடங்கள் இருந்தன. ஆறு எங்கள் கண்ணில் முன்பே பட்டுவிட்டன. ஏழாவது, தவணை நாள் விடுமுறையில் விழுந்தால் மட்டும் ஓடும் கிளையில் இருந்தது. மாற்றிவிட்டோம். நன்றி.